பதினான்காவது நாள் மாத்திரை



ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கணவருக்கு மங்களூரில் விசைப்படகு வேலை. சித்திரைக் கடைசியில் அங்கேயே குளிர்காய்ச்சல் கண்டு, மலேரியா என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூன்றே நாளில் எழுந்து மறுபடி கடலுக்குப் போய்விட்டார். ஜூன் மாதம் மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் ஊருக்கு வந்தார். ஆனி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதே குளிர், அதே காய்ச்சல். கம்பளிமேல் கம்பளி போர்த்தியும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டதாம்.

"எங்க வீட்டுக் கிணத்துலதான் கொசு இருக்குன்னு பக்கத்து வீட்டுல பேசுறாங்க. மங்களூர்ல குடுத்தது போலி மாத்திரைன்னு கொழுந்தன் சொல்லுதாரு. அத்தை திருச்செந்தூருக்கு நேர்ந்து காசு முடிஞ்சு வச்சிருக்காங்க. நான் எதைத்தான் நம்ப?" என்று கேட்டிருக்கிறார்.

இந்த இதழில் வேறு ஒரு விஷயம் எழுத நினைத்திருந்தேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அதைத் தள்ளிவைத்துவிட்டேன். தூத்துக்குடி மாவட்டத்தில் கடலுக்கும் கட்டட வேலைக்கும் ஆண்கள் வெளியூர் போகாத தெரு உண்டா? இந்தக் கேள்வி எத்தனையோ வீடுகளின் கேள்வி.

முதலில் அந்தச் சகோதரிக்கு: கிணற்றையும் பழிக்க வேண்டாம், மாத்திரையையும் பழிக்க வேண்டாம். உங்கள் கணவரை இரண்டாவது முறை படுக்க வைத்த கிருமி பெரும்பாலும் மங்களூரில் கடித்த அதே கொசு விட்டுப்போனதுதான். காய்ச்சல் விட்ட பிறகும் அது அவருடைய ஈரலில் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது.

அதெப்படி என்று கேட்பீர்கள். மலேரியாக் கிருமியில் பல வகை உண்டு. நம் ஊர்ப்பக்கம் அதிகம் பார்ப்பது பிளாஸ்மோடியம் வைவாக்ஸ். அனாபிலிஸ் பெண் கொசு கடிக்கும்போது அதன் எச்சிலோடு இந்தக் கிருமி உடம்புக்குள் வருகிறது. வந்ததும் ரத்தத்தில் தங்குவதில்லை, நேரே ஈரலுக்குப் போய் அங்குள்ள செல்களுக்குள் புகுந்துகொள்கிறது. அப்படிப் புகுந்தவற்றில் ஒரு பங்கு உடனே ஆயிரக்கணக்கில் பெருகி, ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்துக்கு வந்து சிவப்பணுக்களை உடைக்கிறது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கூட்டமாக உடைப்பதால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் வருகிறது. நம் ஆச்சிமார் முறைக்காய்ச்சல் என்று சொன்னது இதைத்தான்.

இன்னொரு பங்கு பெருகுவதே இல்லை. ஈரல் செல்லுக்குள் ஒரு சின்னப் புள்ளியாக அப்படியே கிடக்கிறது. வாரக்கணக்கில் கிடக்கும், மாதக்கணக்கில் கிடக்கும். சில சமயம் ஒரு வருஷம்கூட ஆகலாம். அப்புறம் ஒரு நாள் விழித்துப் பெருகி ரத்தத்துக்கு வரும். அதற்குப் புதிதாகக் கொசு கடிக்க வேண்டியதே இல்லை.

தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோரையைப் பிடுங்கினால் வயல் சுத்தமாகிவிட்டதுபோல் இருக்கும். மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்வரை அடுத்த தண்ணீருக்கு அது முளைத்துத்தானே தீரும்?

சிக்கலே இங்கேதான். காய்ச்சலுக்குக் கொடுக்கும் குளோரோகுயின் மாத்திரை மூன்று நாளில் ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொன்றுவிடும். ஈரலில் கிடப்பதை அது தொடுவதில்லை. அதற்கென்று இருப்பது பிரைமாகுயின் என்ற வேறு மாத்திரை. நம் நாட்டில் வைவாக்ஸுக்கு அதை 14 நாள் கொடுக்கிறார்கள். முதல் மூன்று நாள் மாத்திரையோடு காய்ச்சல் போய்விடும். மீதி நாள் மாத்திரையைச் சாப்பிட யாருக்கு மனசு வருகிறது? உடம்பு நன்றாகிவிட்டது, வேலைக்குப் போக வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் பிசைகிறது. மாத்திரை அட்டை அலமாரியில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

சில இடங்களில் அந்த இரண்டாவது மாத்திரையைக் கொடுப்பதே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். காய்ச்சல் இறங்கினால் போதும் என்று ஊசி போட்டு, மூன்று நாள் மருந்து கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கிப் போடுவதும் நடக்கிறது. நிலவேம்புக் கஷாயம் குடிப்பதை நான் தடுக்க மாட்டேன், எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் ஈரலில் இருக்கும் வைவாக்ஸை அது போக்கும் என்று நம்பி மாத்திரையை நிறுத்துவது தப்பு.

இந்த ஈரல் ரகசியம் தெரியவந்த கதை சுவாரஸ்யமானது. மலேரியாக் கிருமியை 1880-இல் அல்ஜீரியாவில் லாவரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கொசுவின் வயிற்றில் அது வளர்வதை 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் பார்த்தார். கொசு தெரிந்தது, ரத்தம் தெரிந்தது. கடித்த நாளுக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் கிருமி எங்கே இருக்கிறது என்பது மட்டும் ஐம்பது வருஷம் யாருக்கும் தெரியவில்லை. 1948-இல் லண்டனில் ஷார்ட், கார்ன்ஹாம் என்ற இருவர் அதைக் குரங்கின் ஈரலிலும், பிறகு மனித ஈரலிலும் கண்டுபிடித்தார்கள். இந்த ஹென்றி ஷார்ட் நமக்கு அந்நியர் இல்லை. பஞ்சாபில் பிறந்தவர், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் டைரக்டராக இருந்தவர். உறங்கிக்கிடக்கும் அந்தப் புள்ளியையே தனியாக அடையாளம் காண 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குரோடோஸ்கி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் அதைக் குரங்கு மலேரியாவில் காட்டினார்கள். இரண்டு வருஷத்தில் வைவாக்ஸிலும் காட்டினார்கள்.

ஏன் சிலருக்கு ஆறு வாரத்தில் திரும்புகிறது, சிலருக்கு எட்டு மாதம், பத்து மாதம் கழித்துத் திரும்புகிறது? இது கிருமியின் பரம்பரைக் குணம். குளிர் தேசங்களில் வருஷத்தில் பாதி நாள் கொசுவே இருக்காது. அந்த நாளில் ரத்தத்துக்கு வந்து அதற்கு என்ன லாபம்? அடுத்த கோடைவரை ஈரலில் கிடக்கும் வம்சம்தான் அங்கே தழைத்தது. கொரியப் போரில் சண்டையிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் நன்றாக ஊர் திரும்பி, மாதங்கள் கழித்து வீட்டில் காய்ச்சலில் விழுந்தது இதனால்தான். அவர்களுக்காகவே 1952-இல் பிரைமாகுயின் அவசர அவசரமாகப் புழக்கத்துக்கு வந்தது. ஊர் திரும்பும் கப்பலிலேயே 14 நாள் மாத்திரையையும் கொடுத்து முடித்தார்கள். வருஷம் முழுக்கக் கொசு இருக்கும் வெப்ப நாடுகளில் சீக்கிரம் விழிக்கும் வம்சம் அதிகம். இந்தியாவில் இரண்டுமே இருக்கின்றன. அதனால் "போன வருஷம் வந்தது, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைத்துவிடாதீர்கள். சம்பந்தம் இருக்கலாம். டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

திரும்பி வந்தது பழைய கிருமியா, புதுக் கொசுக் கடியா என்று மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிட முடியாதா? வைவாக்ஸின் மரபணுத் தொகுப்பை முழுசாகப் படித்து 2008-இலேயே வெளியிட்டுவிட்டார்கள். பதினான்கு குரோமோசோம், ஐயாயிரத்துச் சொச்சம் மரபணுக்கள். அப்படியும் பதில் லேசில் கிடைப்பதில்லை. ஆண் கிருமியும் பெண் கிருமியும் சேர்வது கொசுவின் வயிற்றில். அங்கே மரபணுக்கள் கலந்து, உடன்பிறந்தவர்களாகப் பல கிருமிகள் உருவாகின்றன. ஒரே கடியில் அந்த உடன்பிறப்புகள் சேர்ந்தே நம் ஈரலுக்குள் வருகின்றன. முதல் காய்ச்சலில் ஒன்று முந்திக்கொண்டு ரத்தத்துக்கு வரும். ஆறு வாரம் கழித்து அதன் தம்பியோ தங்கையோ வரும். லேபில் பார்த்தால் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். வேறு மாதிரி இருப்பதாலேயே புதுக் கடி என்று சொல்ல முடியாது. இரண்டும் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று பார்த்துத்தான் இப்போது கணக்கிடுகிறார்கள்.

அந்தக் கணக்குக்கு எதற்கு இவ்வளவு பாடு என்று தோன்றலாம். பப்புவா நியூ கினியாவில் குழந்தைகளிடம் செய்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. அங்கே ரத்தத்தில் கண்ட வைவாக்ஸ் தொற்றில் ஐந்தில் நான்கு பங்கு ஈரலிலிருந்து கிளம்பியதுதான் என்று அதில் தெரிந்தது. நம் ஊர்க் கணக்கு அதே அளவில் இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் கொசுவை மட்டும் விரட்டிக்கொண்டிருந்தால் இந்த நோய் ஒழியாது என்று புரிகிறது அல்லவா?

ரத்தப் பரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் சுருக்கென்று குத்தி, ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வட்டமாகத் தடவுவார்கள். பக்கத்திலேயே இன்னொரு சொட்டை மெல்லிசாக இழுத்துவிடுவார்கள். காயவைத்துச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வைவாக்ஸ் புகுந்த சிவப்பணு பக்கத்து அணுக்களைவிட உப்பிப் பெரிதாகத் தெரியும். உள்ளே பொடிப்பொடியாக இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருக்கும். நடுவில் ஒழுங்கான வடிவம் இல்லாமல் கிருமி கிடக்கும். அனுபவமுள்ள லேப் டெக்னீஷியனுக்கு ஒரு பார்வை போதும். ஆனால் கிருமி ஈரலில் மட்டும் இருக்கும் நாட்களில் அந்தக் கண்ணாடியில் எதுவும் தெரியாது. எந்த ரத்தப் பரிசோதனையும் ஈரலில் உறங்குவதைக் காட்டாது. ஆகவே "டெஸ்ட் நெகட்டிவ், மாத்திரை எதுக்கு?" என்று இடையில் நிறுத்தாதீர்கள். மாத்திரை 14 நாள் என்றால் 14 நாள்தான். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் வயிறும் அவ்வளவாகப் படுத்தாது.

இதைச் சொன்ன கையோடு ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் அவசரமில்லாமல் படியுங்கள்.

பிரைமாகுயின் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. நம் சிவப்பணுவுக்குள் ஜி6பிடி என்று ஒரு என்சைம் இருக்கிறது. அது பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் உலகத்தில் சுமார் 40 கோடிப் பேர். மலேரியா பரவிய நாடுகளில்தான் இந்தக் குறை அதிகம். மலேரியாவிலிருந்து அது ஓரளவு காப்பாற்றியதால் அந்தந்த மக்களிடம் தங்கிவிட்டது என்பது விஞ்ஞானிகளின் முடிவு. சாதாரண நாளில் அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. பிரைமாகுயின் உள்ளே போனால் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். சிறுநீர் கறுத்துப் போகும், கண் மஞ்சளாகும், மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். மாத்திரை சாப்பிடும் நாட்களில் இப்படி ஏதாவது கண்டால் அந்தக் கணமே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரையை இடையில் நிறுத்தலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

இந்தக் குறைக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு அந்தக் குரோமோசோம் ஒன்றுதான், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. அதனால் அப்பா வழியைவிடத் தாய்மாமன் வழியைக் கேட்டுப் பார்ப்பதுதான் பையன்களுக்குப் பயன்படும். "மாமாவுக்கு ஏதோ மாத்திரை சாப்பிட்டு மூத்திரம் கறுத்துப்போச்சே" என்று வீட்டில் யாராவது எப்போதாவது சொன்னதுண்டா? பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. இரண்டிலும் குறை இருந்தால் அவர்களுக்கும் இதே பாதிப்பு உண்டு. ஒன்றில் மட்டும் இருந்தால் ஆளுக்கு ஆள் மாறும், சாதாரண டெஸ்டில் தப்பிவிடுவதும் உண்டு. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் உள்ள நம் குடும்பங்களில், அந்தக் குறை ஏற்கெனவே இருந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்வதற்கு வாய்ப்பு அதிகம். யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பிரைமாகுயின் தொடங்கும் முன் "ஜி6பிடி பார்க்கணுமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். குறை இருந்தாலும் வழி இல்லாமல் இல்லை. வாரம் ஒரு முறை, எட்டு வாரம் என்று டாக்டர் நேரடிப் பார்வையில் கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது.

கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இந்த மாத்திரை கூடாது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஜி6பிடி எப்படி என்று பார்க்க வழி இல்லையே. பிரசவம் வரை ரத்தத்தில் கிருமி தலையெடுக்காமல் டாக்டர் பார்த்துக்கொள்வார். ஈரலுக்கான மருந்து பிறகு. பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் இந்தப் பாக்கி மருந்து மறந்துபோகும். பிரசவ ஃபைலிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

14 நாளும் ஒழுங்காகச் சாப்பிட்டும் சிலருக்குத் திரும்ப வருவது உண்டு. ஈரலில் இருக்கும் இன்னொரு என்சைம் மாற்றிக்கொடுத்தால்தான் பிரைமாகுயின் வேலை செய்யும். அந்த என்சைம் பிறவியில் மந்தமாக இருப்பவர்களிடம் மாத்திரை பலிக்காமல் போவதை 2013-இல் கண்டுபிடித்தார்கள். எனவே மறுபடி காய்ச்சல் வந்தவரிடம் "நீ மாத்திரையை ஒழுங்கா முழுங்கியிருக்க மாட்டே" என்று சண்டைக்குப் போகாதீர்கள். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஒரே வேளை சாப்பிடும் டாஃபெனோகுயின் என்ற மாத்திரைக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஆனால் ஜி6பிடி அளவைத் துல்லியமாக அளந்து பார்க்காமல் அதைத் தொடவே கூடாது.

கடிதம் எழுதிய சகோதரியின் கணவருக்கு ஆகஸ்ட் பிறந்தால் படகு கிளம்பிவிடும். டாக்டரைப் பார்த்து, மங்களூர்க் கதையை முழுசாகச் சொல்லி, இப்போதே தொடங்கினால் ஊரில் இருக்கும்போதே 14 நாளும் முடிந்துவிடும். மாத்திரை கொடுக்கும் பொறுப்பை அத்தையிடமே கொடுத்துப் பாருங்கள். திருச்செந்தூர் நேர்ச்சையும் இருக்கட்டும். மகன் தினமும் சாப்பிட்டு மாத்திரை போட்டானா என்று கேட்க அவரைவிட அக்கறையானவர் யார்?

கிணற்றைப் பழிக்க வேண்டாம் என்றேன். கவனிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. திரும்பி வந்த காய்ச்சலுக்குப் பெரும்பாலும் கிணறு காரணமில்லை. ஆனால் ரத்தத்தில் கிருமியோடு ஒருவர் வீட்டில் படுத்திருக்கும்போது, அங்கே அனாபிலிஸ் இருந்தால் அடுத்தவருக்கும் பரவும். நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீரைத் தூத்துக்குடி வீடுகளில் சம்ப்பிலும் மாடித் தொட்டியிலும் பிடித்து வைக்கிறோமே, அந்த மாதிரித் தண்ணீர் அதற்குப் போதும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். புழு தலைகீழாகத் தொங்கினால் அது டெங்கு கொசுவாகவோ சாக்கடைக் கொசுவாகவோ இருக்கும். தண்ணீரின் மேல்மட்டத்தை ஒட்டிப் படுத்த வாக்கில் மிதந்தால் அது அனாபிலிஸ். இறுக்கமான மூடி, தொட்டியை வாரம் ஒரு முறை காயவைப்பது, கிணற்றில் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன், ராத்திரி கொசுவலை. அபேட் மருந்து ஊற்ற வருகிறவரை வாசலோடு திருப்பி அனுப்பாதீர்கள்.

நமக்கு எதிர்க்கரையைப் பாருங்கள். 1963-இல் இலங்கை முழுவதிலும் மலேரியா கண்டவர்கள் 17 பேர்தான். ஒழிந்தது என்று மருந்தடிப்பைத் தளர்த்தினார்கள். 1969-இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது, அதில் பெரும்பங்கு வைவாக்ஸ். பிறகு பல பத்தாண்டுகள் பாடுபட்டு, போர் நடந்த வருஷங்களிலும் விடாமல் நோயாளிகளைத் தேடித் தேடி மருந்து கொடுத்து, 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கினார்கள். அதே வருஷம் டிசம்பரில் மன்னாரில் ஸ்டீபன்சி கொசுவைக் கண்டுபிடித்தார்கள். அந்நாட்டில் அதற்கு முன் பார்க்காத கொசு. 2018 கடைசியில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தொழிலாளியிடமிருந்து உள்ளூர்க்காரர் ஒருவருக்கு வைவாக்ஸ் பரவியது. உடனே கண்டுபிடித்து அத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஒரே ஒருவர் என்று அலட்சியமாக விடவில்லை.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்குச் சில நூறு பேருக்குத்தான் மலேரியா. 2030-க்குள் நாடு முழுவதும் ஒழிக்க வேண்டும் என்பது அரசின் இலக்கு. எண்ணிக்கை இவ்வளவு குறைந்திருக்கும்போது, மிஞ்சியிருப்பதில் பெரும்பகுதி போக்குவரத்தில் இருப்பவர்களின் உடம்பில்தான் இருக்கும். நம் ஆண்கள் மங்களூருக்கும் கோவாவுக்கும் போகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிள்ளைகள் நம் ஊர்க் கட்டட வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் ஊரில் மலேரியா இன்னும் அதிகம். அவர்களுக்கு லைன் வீடு வாடகைக்கு விட்டிருக்கும் வாசகர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ரூமில் யாராவது போர்த்திக்கொண்டு நடுங்கிக் கிடந்தால் பாரசிட்டமால் வாங்கிக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் விரலில் ரத்தம் எடுக்கச் செய்யுங்கள், மாத்திரை அங்கே இலவசம்தான். சொந்த ஊரில் முன்பு இப்படிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். சைட் மாறி வேறு ஊருக்குப் போகிறார்கள் என்றால், மீதி மாத்திரையையும் சீட்டையும் பையில் வைத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்